உடைந்ததும் உடைத்ததும்

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கூடத்துச் சுவரிலிருந்த ஓட்டைக்குள் இரண்டு விரல்களை விட்டுத் துழாவினார். விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, அந்தத் தொழிலில் எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“எப்படிம்மா ஆச்சு இது?”

“எனக்கு விளக்கமாச் சொல்லத் தெரியாதுங்க. சாரைக் கேளுங்க,” என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை மேசையில் ஓசையின்றி வைத்தாள்.

கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். “உடைஞ்சிருச்சு.”

“ஜிப்சம் போர்டு தானா உடையாதே சார்.”

“உடைஞ்சிருச்சுங்க. சரிபண்ண முடியுமா, முடியாதா?”

முடியும் என்றார் ஒப்பந்தக்காரர். ஓட்டையைச் சுற்றிச் சதுரமாக வெட்டி, உள்ளே பிடிமானத்துக்குச் சட்டம் கொடுத்து, புதுத் துண்டை வைத்து, இணைப்புகளில் நாடா ஒட்டி, இரண்டு தடவை புட்டி பூசித் தேய்த்துவிட்டால் போதும். அதன்பிறகு அங்கே ஓட்டை இருந்ததென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குப் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தாள்.

நடந்தது இதுதான். அந்த வாரத் தொடக்கத்தில், விருந்தினர் இருவர் முன்னிலையில் கணவர் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னார், அவள் திருத்தினாள். விருந்தினர் படியிறங்கும் ஓசை அடங்கியபின், அவருடைய முஷ்டி அவளது இடது காதை உரசிக்கொண்டு போய்ச் சுவருக்குள் மணிக்கட்டுவரை இறங்கியது. செங்கல் சுவராக இருந்திருந்தால் விரலெலும்புகள் நொறுங்கியிருக்கும். கட்டுப்போட்ட கையோடு அலுவலகம் போய்க் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருப்பார். அட்டைச் சுவரோ அவர் கையை மெத்தைபோல வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்காகச் சுவரையும் அவளால் மன்னிக்க முடியவில்லை. கையை வெளியே எடுத்து உதறிய கணவர், ஓட்டையை ஒரு கணம் பார்த்துவிட்டு, “பாரு, சுவரு உடைஞ்சிருச்சு,” என்றார். மறுநாள் தம் அக்காவிடம் தொலைபேசியிலும் அதையே சொன்னார்.

அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறாள். ‘சேதம் நேர்ந்த விதம்’ என்னும் கட்டத்தில், கண்ணாடி உடைந்தது, கதவு உடைந்தது என்று எழுதியனுப்புவோர் ஏராளம். உடைந்தது என்பதில் ஆள் இல்லை. பொருளே யோசித்து அந்த முடிவுக்கு வந்ததைப்போல இருக்கும். உடைத்தது என்று எழுதிவிட்டால், உடைத்த ஆள் வாசலில் வந்து நின்றாக வேண்டும். இரண்டுக்கும் இடையே மாறுவது ஒரே ஓர் எழுத்து: மெல்லினம் விலகி அங்கே வல்லினம் அமர வேண்டும். அந்த ஓர் எழுத்துக்காக அவள் திருப்பியனுப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதுவாள். வீட்டில் வந்து சேர்ந்த இந்தப் படிவத்தையும் ஏற்பதாக இல்லை. மன்னிப்பு கேட்டிருந்தால்கூட அவளுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரிந்திருக்காது. அந்த வினைச்சொல்தான் வேண்டும். அதுவும் ஓர் அந்நியர் காதுபட, கணவர் வாயால்.

ஆகவே சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, கணவர் வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்து, ஓர் ஒப்பந்தக்காரரை வரவழைத்தாள்.

இரண்டாமவர் பருத்த உடம்புக்காரர், சிரித்த முகம். “எப்படி சார் ஆச்சு?”

“சோபாவை நகர்த்தும்போது இடிச்சிருச்சு.”

அவர் சோபாவைப் பார்த்தார். அதன் முதுகு அவர் இடுப்புக்கு வந்தது. ஓட்டை அதற்கும் வெகு உயரத்தில் இருந்தது. “சோபா எகிறிக் குதிச்சுதா சார்? பந்தயக் குதிரையா இருக்கும்போல.” அவர் மட்டும் சிரித்தார்.

மூன்றாமவருக்குக் கதவின் கைப்பிடி பட்டுவிட்டதென்று பதில் வந்தது. “கதவு அந்தப் பக்கம்ல சார் இருக்கு?” என்றார் மூன்றாமவர், உண்மையாகவே குழம்பிப்போய். கணவர் ஓர் ஆலையின் பணியாளர் பிரிவில் மேலாளர்; தாமதமாக வந்தவனிடமும் தூங்கிவிட்டவனிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டே பழகியவர். அவர் காதுகள் சிவப்பதை, தண்ணீர்க் குவளையோடு நின்ற அவள் கவனித்துக்கொண்டாள்.

அன்று ஆள் போனதும் அவர் வெடித்தார். “ஒரு உள்ளங்கை அளவு ஓட்டைக்கு ஊரையே கூட்டுவியா?”

“நல்ல ஆளா அமைய வேண்டாமா? வேலை சுத்தமா இருக்கணும்ல.”

“நீ வேணும்னே பண்றே.”

“எதைங்க?”

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். எதை என்று சொல்லப் புகுந்தால் அந்த வினைச்சொல்லைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, ஒரு டப்பா புட்டியோடு வந்து, தாமே வேலையில் இறங்கினார். பின்னால் வெற்றிடம் என்பதால் பூசியதெல்லாம் சுவருக்குள்ளேயே விழுந்தது. பிறகு நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, அதன்மேல் அப்பினார். விடிவதற்குள் அது வட்டமாக வெடித்து, வீங்கிய கன்னம்போலப் புடைத்துக்கொண்டு நின்றது.

“இன்னிக்கு யாரையும் வரச்சொல்லாதே.”

“கிளம்பிட்டாங்களாம்,” என்றாள்.

நான்காவதாக வந்தவர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும்; காதோரம் பென்சில், தோளில் கனத்த பை. வந்ததும் சுவரை விரல்முட்டியால் தட்டித் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார்; ஓசை மாறும் இடங்களில், அதாவது உள்ளே சட்டம் ஓடும் இடங்களில், பென்சிலால் கோடு போட்டார். பட்டைக் கத்தியை விளிம்பில் கொடுத்து நெம்பியதும் புட்டி ஒரே பாளமாகக் கழன்று வந்தது. உள்ளிருந்து நாளிதழைத் தாள்தாளாக உருவினார்.

“இது யாரு பண்ண வைத்தியம்?”

“நான்தான்,” என்றார் கணவர். வினைச்சொல் இல்லாமல்.

“பேப்பரை அடைச்சா நிக்குமா சார்? இது என்ன பல்லு ஓட்டையா?”

‘எப்படி ஆச்சு’ என்னும் அந்த வழக்கமான கேள்விக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. அந்தப் பெண் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, நுனியைக் கணவரிடம் நீட்டினார். “இதைத் தரையோட அழுத்திப் பிடிங்க சார்.” அவர் குந்தினார். நாடா மேலேறி ஓட்டையின் நடுவில் நின்றது. எண்ணைப் படித்த ஒப்பந்தக்காரர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. திரும்பி, அவளைக் கால்முதல் தலைவரை, அவளும் அளக்கவேண்டிய ஒன்று என்பதைப்போல நிதானமாகப் பார்த்தார்.

“அப்ப நீங்க எங்கம்மா நின்னீங்க?”

அவளுடைய படிவத்தில் அப்படியொரு கட்டமே கிடையாது. வாயைத் திறந்தாள்.

“நான்தான் உடைச்சேன்,” என்றார் கணவர் கீழிருந்து, அவசரமாக.

எழுத்துப் பிசகாமல் வந்துவிட்டது. அந்நியர் ஒருவர் காதுபடத்தான் வந்தது. ஆனால் கேட்ட பொருளைக் கையில் திணித்துவிட்டுக் கடைக்காரன் ஷட்டரை இறக்குவதுபோல இருந்தது. அவள் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே கொடுக்கப்பட்ட சொல். இத்தனை சனிக்கிழமைகளும் தன்னை யாரும் எதுவும் கேட்கவிடாமல் தானே பார்த்துக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒப்பந்தக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “உங்களைத்தாம்மா கேட்டேன்.”

அவள் போய்ச் சுவரோடு குதிகாலை ஒட்டி, முதுகை நிமிர்த்தி நின்றாள். ஓட்டை இடது காதுக்குப் பக்கத்தில் சரியாக வந்தது. சுவருக்குள்ளிருந்து வந்த குளிர்ந்த காற்று காதுமடலைத் தொட்டது. அன்று இதே இடத்திலிருந்து அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். இப்போது குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கணவர் கட்டைவிரலை நாடாவிலிருந்து எடுத்துவிட்டு எழப்போனார்.

“விட்டுடாதீங்க சார்,” என்றார் அந்தப் பெண், பென்சிலைக் காதிலிருந்து உருவியபடி. “இன்னும் அளவு முடியல.”

கட்டைவிரல் மறுபடி அழுந்தியது, நகம் வெளுத்தது. அவள் அசையாமல் நின்றாள். அவர் விரலிலிருந்து அவள் காதுவரை மஞ்சள் நாடா விறைத்து நின்றது.