பதினாலு நாள் மாத்திரை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் நெஞ்செரிச்சலில் பிறந்தது. சமூகத்தைப் பார்த்து வந்த எரிச்சல் என்று புத்தகத்தின் பின்னட்டையில் போட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அது புரோட்டாவால் வந்தது. 2006 ஐப்பசியில், திருப்பூரில் ஒரு மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் கிட்டுசாமி. கதை அவருடையது. பின்னால் நின்று ஒட்டுக்கேட்டது மட்டும்தான் என் பங்கு.

2.

முதல் வரி மூன்று எழுதினேன்.

"பனியன் நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மனிதனின் விரல்கள் மௌனமாக" (வேண்டாம். விரல்கள் எப்போது பேசின?)

"கிட்டுசாமிக்கு அன்று காலையிலிருந்தே ஏதோ" (எல்லாக் கதைகளிலும் எல்லாருக்கும் காலையிலிருந்தே ஏதோ.)

மூன்றாவது பரவாயில்லை: கிட்டுசாமி, வயது ஐம்பத்தொன்று, தங்கவேலுவின் பனியன் கம்பெனியில் துணி பார்ப்பவர். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்ப்பார். "நூத்தியெம்பதுங்க" என்பார். ஒரு சதுர மீட்டர் துணி நூற்றெண்பது கிராம் என்று அர்த்தம். துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்துப் பார்க்கும் கருவி ஒன்று கம்பெனி பீரோவில் இருந்தது. அதை யாராவது எடுத்தால் கிட்டுசாமி அன்றைக்கு மதியச் சாப்பாடு சாப்பிட மாட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் சரி என்றால்தான் துணி கட்டிங் மேசைக்குப் போகும்.

3.

அந்த ஆவணியில், பட்டறையிலிருந்து மொத்தமாக வந்த ஒரு லாட் துணிக்கு நூற்றெண்பது என்றார். அது நூற்றறுபது. வெட்டித் தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. சட்டையைப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கிற பூணூல், தாயத்து எல்லாம் தெரிந்தன.

"ஏனுங்ணா, ராத்திரி தூக்கஞ் சரியில்லீங்களா?" என்று தங்கவேலு சிரித்துக்கொண்டே கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் கிட்டுசாமி.

அதற்குப் பிறகு ஒருநாள் செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரியாமல் பஸ் நிறுத்தம்வரை நடந்திருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்குக் கை பரபரத்தது. உலகமயம் வந்து உழைப்பாளியின் விரலை மரக்கச் செய்துவிட்டது என்று இரண்டு பக்கம் எழுதினேன். அருமையாக வந்திருந்தது. பிறகு நாங்கள் பழக்கமானதும் அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் கிட்டுசாமி. "ஆனா என்ற வெரலு நெசமாலுமே மரத்துப்போச்சுங்க."

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். (மனசில்லாமல்தான்.)

4.

இனி மருந்துக்கடை. கிட்டுசாமி நீட்டிய சீட்டு பளபளத்தது. வயிறு எரிகிறது என்று போனபோது ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. கிழிந்துவிடக் கூடாதே என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து வைத்திருந்தார். கடையில் புதிதாக வேலைக்கு வந்திருந்த சித்ரகலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, இதுல பதினாலு நாளுன்னு போட்டிருக்குதுங்க."

"ஆமாங்க."

"தேதி ரெண்டாயிரத்து ரெண்டுங்க."

"நல்லாக் கேட்டுச்சுங்க. அதான் உடலீங்க."

"எப்படிச் சாப்பிடுவீங்க?"

"எட்டு மணி டீயோடங்க. ரெண்டு வடையத் தின்னுபோட்டு, மாத்தரையப் பிரிச்சு, உள்ள ஜவ்வரிசியாட்ட இருக்கறதச் சுடுடீயில கலக்கிக் குடிச்சிருவனுங்க. கம்பெனில யாருக்கு வயிறு எரிஞ்சாலும் நாந்தானுங்க ஒண்ணு குடுப்பேன்."

சித்ரகலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, பிரிக்காம முழுசா முழுங்கோணும்ங்ணா. எத்தன நாளுங்கறத டாக்டர் சொல்லோணும், வயிறு சொல்லக்கூடாது." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "கைகாலு மரத்து மதமதன்னு இருக்குதுங்களா?"

கிட்டுசாமி வலது கட்டைவிரலை மட்டும் அவள்முன் நீட்டினார். வீட்டில்கூடச் சொல்லாமல் நாலு மாதம் மறைத்து வைத்திருந்த விரல். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. எனக்கும்தான்.

"பயப்படாதீங்ணா. நீங்களா திடீர்னு நிறுத்தீராதீங்க, எரிச்சல் இன்னும் சாஸ்தியாயிரும். ரெண்டு நாளைக்கு மட்டும் தர்றேன். அதுக்குள்ள டாக்டரப் பாருங்க."

அடுத்தது என் முறை. நான் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

5.

டாக்டர் ரத்தம் பார்த்தார். பி12 என்கிற சத்து அடிமட்டத்தில் இருந்தது. மீதியைக் கிட்டுசாமியே சொல்லட்டும்.

"சோத்துல இருக்கற அந்தச் சத்தப் பிரிச்செடுக்க வயித்துல அமிலம் வேணுமாமுங்க. நான் நாலு வருசமா அத அடக்கி வெச்சுட்டனாமா. கறி, மீனுன்னு கவிச்சி வேற உட்டுட்டனுங்களா, ரெண்டுஞ் சேந்து நரம்பப் புடிச்சிருச்சுங்க. மாத்தரை மேல தப்பில்லையாமுங்க. வருசக்கணக்குல சாப்பிட வேண்டியவிகளும் இருக்கறாங்களாமா, ஆனா டாக்டரு பாத்துக்கிட்டே இருக்கோணுமாமுங்க."

ஊசி போடுகிறார்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். விரலில் உணர்வு திரும்ப மாதங்கள் ஆகலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

[அடிக்குறிப்பு, ஆனால் அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை: மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கும்போது சோறு சிக்கினாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, மாத்திரையைப் போட்டு மூடி வைக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். இதைக் கதையில் யார் வாயிலும் திணிக்க முடியவில்லை. கிட்டுசாமியிடம் மாத்திரை வாங்கித் தின்ற பதினோரு பேருக்காக இங்கே வைக்கிறேன்.]

6.

முடிவு ஒன்று: விரல் சரியாகிவிட்டது, கம்பெனியே கைதட்டியது. (ஊசி தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. டாக்டர் என்னை அடிக்க வருவார்.)

முடிவு இரண்டு: வேலையை விட்டுவிட்டு மூலனூர் போய் முருங்கை விவசாயம். ("மூலனூர்ல எனக்கு ஆருங்க இருக்கறாங்க?" என்றார்.)

முடிவு மூன்று: விரல் செத்ததை மறைத்து, குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லிக் காலத்தை ஓட்டுகிறார்.

இதைக் கேட்டதும் கிட்டுசாமி தன் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"அது முடிவில்லீங்க. ஆவணியில அதத்தானுங்க பண்ணினேன். தேய்ச்சுப் பாத்தேன், ஒண்ணுமே தெரியலீங்க. வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டேன்."

மூன்றாம் பகுதியில் அதை வெறும் கைத்தவறு போல எழுதியிருக்கிறேன். திருத்தாமல் விடுகிறேன். நானும் அப்போது நம்பினேன் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

7.

திங்கட்கிழமை புது லாட் வந்தது. கட்டிங் ஆட்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். கிட்டுசாமி துணியை எடுத்தார், தேய்த்தார், கீழே வைத்தார்.

"மொதலாளி, எனக்குத் தெரியலீங்க. வெரல்ல உணர்ச்சி இல்லீங்க. ஆவணியிலயும் ஒண்ணுந் தெரியாமத்தான் வாய்க்கு வந்ததச் சொன்னனுங்க."

தங்கவேலு என்ன பதில் சொன்னார்? நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நல்லவராக எழுதினால் கதை இனிக்கிறது. கெட்டவராக எழுதினால் எனக்குப் பாராட்டு வரும். நாலையும் அடித்துவிட்டேன்.

உங்களிடம் வேலை பார்க்கும் ஒருவர், வீடு கூட்டுகிறவரோ, வண்டி ஓட்டுகிறவரோ, இப்படி வந்து நின்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? கதையில் சொல்வதை அல்ல, நிஜமாகவே சொல்வதை. அதையே தங்கவேலு சொல்லட்டும். யோசித்து அழகாக்க வேண்டாம். கட்டிங் மிஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் காத்திருக்கிறார்கள். கிட்டுசாமி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.