ஜிஜாவின் நீலக் கோடு

இப்போதுள்ள ஆட்களுக்கு வாங்கின மீனை அன்றைக்கே கழுவித் தின்னக்கூட மடி, அத்தனை சோம்பல் என்பது தாசையனின் குறை. சாளையைக் கவரோடு கொண்டுவந்து அவர் முற்றத்தில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துப் போகிறார்கள். அந்த முற்றத்தில் எதுவும் அழுகுவதில்லை. வெள்ளறடையில் இதை பஸ் நேரம்போலச் சொல்வார்கள்.

காரணம் மருமகள் ஜிஜா. போன வருஷத்து மழையில் அவளுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தார்கள். எட்டாம் நாள் காய்ச்சல். கீறின இடத்தில் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். வலியோ மாடு முட்டினதுபோல. பால் கட்டியிருக்கும் என்று மாமியார் சாராம்மா அவளைக் குளிப்பாட்ட மருந்திலை போட்டு வேதுவெள்ளம் காய்ச்சினாள். "பெத்தா வலிக்காதா? ஆஸ்பத்திரிக்காரனுக்கு நம்மளக் கண்டா கீறணும்" என்றார் தாசையன். மறுநாள் ஜிஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இது பேறு வலி இல்ல. உள்ளுக்கு என்னமோ ஓடுது. இப்பிடியே கெடந்தா நான் செத்துப் போவேனாக்கும்." குனிந்தவரின் மூக்கில் ஒரு வாடை ஏறியது. நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். வெளியே பட்டை நன்றாயிருக்கும், உள்ளே அழுகல் முழம் முழமாய் ஓடியிருக்கும், அதே வாடை. வேதுவெள்ளம் அடுப்பில் கொதித்துக் கிடக்க, ஆட்டோ பிடிக்க ஓடினார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிவப்பின் ஓரமாக நீலப் பேனாவால் கோடு வரைந்தாள். தோலுக்கடியில் சதை அழுகுகிறது, வெட்டி எடுக்காவிட்டால் ஆள் தங்காது என்றாள். கையெழுத்துப் போட மகன் ரெஜித்துக்குக் கை எழவில்லை.

"எம்புட்டு வெட்டணும்?" என்றார் தாசையன்.

"நல்ல சதை காணும் வரை."

வாழ்நாளில் முதன்முதலாக ஒரு டாக்டர் சொன்னது அவருக்கு விளங்கியது. "சைன் போடுலே. பட்ட அழுகினா நானும் அப்பிடித்தான் வெட்டுவேன்."

சிவப்பு முதல் கோட்டைத் தாண்டியது, வெட்டினார்கள். இரண்டாவதையும் தாண்டியது, மறுபடி வெட்டினார்கள். மூன்றாவது கோட்டின் முன்னால் வந்து மூன்று நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. அந்த மூன்றாவது கோட்டை வரைந்த நேரத்தில், வீட்டு முற்றத்தைச் சுற்றி ஒரு நீலக் கோடு கிடப்பதைச் சாராம்மா கண்டாள். விளக்குமாறால் தூத்துப் பார்த்தாள், கழுவிப் பார்த்தாள், போகவில்லை. கோழிக்குத் தவிடு வைக்கப் போய்விட்டாள்.

ஐம்பத்திரண்டாம் நாள், டாக்டர்கள் தொடைத் தோலை எடுத்து வயிற்றில் ஒட்டிவிட்ட ஜிஜா, பிள்ளை ஜோஸ்மியைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் காலாலேயே நடந்து அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். தெருவே வெடி போட்டது. பேறு கழிந்து காய்ச்சல் கண்ட பெண்களை இப்போது குளத்தூரிலிருந்துகூட அவளிடம் காட்ட வருகிறார்கள். முற்றம் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்பார்கள். "மீனுக்காக்கும் முற்றம். சின்னச் சிவப்புக்கு இம்புட்டு வலி வந்தா வண்டிய விளி!" என்று விரட்டி அனுப்புவாள். அப்படி ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்து பேரும் பிழைத்துத் திரும்பி வந்தார்கள்.

நேற்று அவள் ஒன்பது நாளான சாளை ஒன்றைத் தூக்கி மாமனாரிடம் காட்டினாள். கண் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. "பொரிக்கட்டா மாமா? இன்னும் நம்பிக்கை வரல்லியா?"

"ஐஸ் வெச்ச மீனாக்கும். ஆர ஏமாத்துற?" என்று தாசையன் எழுந்தார். புது மீன் வாங்கச் சந்தைக்கு நடந்தார். முற்றத்தின் ஓரத்தில், கோட்டை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார்.