ஊரடங்கில் அமைச்சர் செய்யாதவை

ஊரடங்கு நாட்களைத் தாம் எப்படிக் கழிக்கிறார் என்று அமைச்சர் மக்களிடம் மனம் திறக்க வேண்டும் என மேலிடம் சொல்லிவிட்டது. மனம் திறப்பதென்றால் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் தன் வீட்டிலிருந்தே ஒரு பக்கம் எழுதிக் கைபேசிக்கு அனுப்பினார். படம் பிடிக்கும் வேலை மனைவியின் தலையில் விழுந்தது. மாலை ஆறு மணிக்குள் காணொளி போய்ச் சேர வேண்டும்.

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த மக்களே! காலையில் எழுந்ததும் என் வீட்டை நானே பெருக்குகிறேன்..."

மனைவி கைபேசியைத் தாழ்த்தினாள். "துடைப்பம் எங்க இருக்குன்னு சொல்லுங்க, பாப்போம்."

அமைச்சர் குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் பார்த்தார்.

"இங்க பாருங்க, வெளியில நீங்க என்ன வேணா பேசிக்குங்க. பொய்யை என் கையால படம் பிடிக்க மாட்டேன். செஞ்சுட்டு வந்து சொல்லுங்க, எடுக்கறேன்."

எதிர்க்கட்சிகூட இப்படியொரு நிபந்தனை போட்டதில்லை. பெருக்கினார். கூடத்தின் நடுவிலிருந்த குப்பை நான்கு மூலைகளுக்கும் பாரபட்சமின்றிப் பங்கிடப்பட்டது. அடுத்த வாக்கியம், பாத்திரம். ஒரு கண்ணாடிக் குவளை உயிரை விட்டது. "குடும்பத்துக்கு இழப்பீடு அறிவிச்சிடலாமா?" என்றாள் மனைவி. அதற்கடுத்து, செடிக்குத் தண்ணீர். மாடியிலிருந்து வழிந்த தண்ணீரில் நனைந்த கீழ்வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, ஆளை அடையாளம் கண்டு, வாய்வரை வந்த வசவை வணக்கமாக மாற்றிக்கொண்டார்.

ஐந்தரை மணிக்குக் கடைசி வாக்கியம் வந்தது: 'என் அண்ணனோடு தொலைபேசியில் பேசி நலம் விசாரிக்கிறேன்.'

உதவியாளருக்குக் கதை தெரியாது. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பாலத் திறப்பு விழா. தம்பியைப் பார்க்க வந்த அண்ணனைக் காவலர்கள் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். மேடையிலிருந்து தம்பி அதைப் பார்த்தார். இறங்கிப் போகவில்லை. கூட்டத்துக்கு ஆட்டுகிற அதே கையை அண்ணனுக்கும் ஆட்டினார். அன்றோடு பேச்சு நின்றது.

"இதை விட்டுடலாம்" என்றார் அமைச்சர்.

"விட்டுடலாமே. அண்ணி போனதுலேர்ந்து உங்கண்ணன் ஒத்தையாத்தான் இருக்காரு. கடையெல்லாம் சாத்திக் கிடக்கு. சாப்பிட்டாரா, உடம்பு எப்படின்னு யாருக்குத் தெரியும்? விட்டுடலாம்."

கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அமைச்சர் அதை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்து அண்ணனின் எண்ணை அழுத்தினார். மணி ஐந்தாறு முறை அடித்தது.

"யாரு?"

"நான்தாண்ணே."

"ஓ, அமைச்சருங்களா? என்ன விஷயங்க?"

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"எழுதிக் குடுத்ததைப் பாத்துப் படிக்கிறியாடா?"

"எழுதித்தான் குடுத்தாங்க. இது அதுல இல்ல. அன்னைக்கு நான் மேடையை விட்டு இறங்கி வந்திருக்கணும்ணே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"காய்ச்சலாண்ணே?"

"காய்ச்சலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. வெங்காயம் நறுக்கறேன். நீ கூப்பிட்டதுக்கு அழறேன்னு நெனைச்சுக்காத." உடனே, "இது டிவியில கிவியில ஓடுதா?"

"இல்லண்ணே. யாருக்கும் கேக்காது."

திரையில் மேலிடத்தின் அழைப்பு மின்னியது. மணி ஆறைத் தாண்டியிருந்தது. அரசியல் வாழ்க்கையில் முதன்முறையாக அமைச்சர் அதைத் துண்டித்தார்.

"அப்ப வெங்காயம் தீர்ற வரைக்கும் பேசு" என்றார் அண்ணன்.

அமைச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எத்தனைண்ணே இருக்கு?"

"நெறைய இருக்கு. நீ பேசு."