கம்பி அறுந்ததற்குக் காரணம்

கம்பி இழுக்கும் ஆலையில் சோப்புக்கு என்ன வேலை என்று கேட்காத விருந்தாளி கிடையாது. பென்சில் தடிமனில் வருகிற இரும்புக் கம்பியின் முனையைச் சீவி, அதைவிடச் சின்ன ஓட்டை போட்ட டை என்கிற அச்சுக்குள் நுழைத்து, மறுபக்கம் சுற்றுகிற உருளையில் மாட்டி இழுக்க வேண்டும். இரும்புக்கு அதில் கொஞ்சமும் இஷ்டம் இல்லை. வழுக்கிக்கொண்டாவது போய்த் தொலையட்டும் என்று ஒவ்வொரு டைக்கு முன்னாலும் ஒரு பெட்டி நிறையச் சோப்புத் தூள் வைத்திருப்பார்கள். கம்பி அதில் முங்கி, உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, டைக்குள் புகுந்து மெலிந்து வெளியே வரும். சோப்பு கெட்டால் கம்பி சூடேறிக் கீறல் விழுந்து பட்டென்று அறுந்துவிடும்.

இவ்வளவும் சுருட்டைக்கு அத்துப்படி. தலைமுடியால் அந்தப் பெயர் வந்தது. வீட்டில்கூட யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவனுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், அந்தச் சோப்புத் தூளில் துணியும் துவைக்கலாம் என்பது. அவன் பெண்டாட்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முக்கில் இருக்கிற லாட்ஜுக்கும் துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் சாப்பாட்டோடு ஆலைக்குப் போகிற டிபன் பாக்ஸ், சாயங்காலம் சோப்புத் தூளோடு வீடு திரும்பும். துணி வெளுத்ததோ இல்லையோ, காய்ந்த பிறகு நன்றாக விறைத்துக்கொண்டது. கஞ்சி போட்ட மாதிரி மொடமொடவென்று இருக்கிறதே என்று லாட்ஜ்காரர் மெச்சிக்கொண்டார்.

ஆலையில் எல்லோரும்தான் ஆளுக்கொரு பிடி எடுத்தார்கள். சுருட்டை எடுத்தது மட்டும் ஒரு குடும்பத் தொழிலுக்கு ஆகிற அளவு.

போன மாதம் இரண்டு புதிய வரவுகள். ஒன்று மேனேஜர். இன்னொன்று எட்டு டை மெஷின். மேனேஜரைப் பார்த்து யாரும் வாய் பிளக்கவில்லை. மெஷினைப் பார்த்துப் பிளந்தார்கள். காரணம் அதன் எட்டு டைகளோ வேகமோ இல்லை. அதில் ஒரு நாற்காலி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால், கைப்பிடி வைத்த, சுழலுகிற நாற்காலி. பழைய மெஷின்களில் ஷிப்டு முழுக்க நிற்க வேண்டும். சுருட்டைக்குக் குதிகாலில் முள் வளர்ந்திருப்பதாக டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். நிற்பதைக் குறைங்க என்று வேறு சொல்லிவிட்டார், ஏதோ ஆசைப்பட்டு நிற்கிற மாதிரி. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் இந்த வேலையில் ரொம்ப நாள் தாங்க மாட்டோம் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

நாற்காலிக்கு இன்னொரு ஆளும் போட்டி. அவனுடைய சகலை, பெண்டாட்டியின் அக்கா புருஷன். மாமியார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆலையிலும் அதுவே நிலைத்துவிட்டது. விசேஷ வீடுகளில் முதல் இலை அவருக்கு, காற்றாடிக்குக் கீழே இடம் அவருக்கு, உலக விஷயம் எதுவானாலும் கடைசி வார்த்தையும் அவருக்கு. மூத்த பெண்ணைக் கட்டியதைத் தவிர அந்த மனுஷன் என்ன சாதித்தார் என்று சுருட்டை பலமுறை யோசித்திருக்கிறான். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

மேனேஜர் ஏற்பாடு செய்த பரீட்சை சுலபமானது. புது மெஷினில் ஆளுக்கொரு சுருள் கம்பி இழுக்க வேண்டும், நடுவில் அறுக்கக் கூடாது. இரண்டு பேரும் தேறினால் நாற்காலி சீனியருக்கு, அதாவது பெரிய மாப்பிள்ளைக்கு. சனிக்கிழமை சுருட்டை இழுத்தான். ஒரு இடத்திலும் அறாமல் கம்பி முழுசாக வந்தது. திங்கட்கிழமை சகலையின் முறை.

அதே திங்கட்கிழமை சோப்பு டிரம்களையும் எடை போடப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க சுருட்டைக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுக்குப் போயி ஏங்க இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?" என்றாள் பெண்டாட்டி. "கடையில துவைக்கிற பவுடர் விக்குது. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. அதுவும் சோப்பு, இதுவும் சோப்பு. எடுத்த அளவுக்குக் கொட்டிட்டு வாங்க. எடை போடுறவரு நக்கியா பாக்கப் போறாரு?"

அவள் சொன்னதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் விடியும் முன்பே போய், குறைந்திருந்த டிரம்மில் பை பையாகக் கொட்டி, ஒரு கம்பியால் கிளறியும் விட்டான். லேசாக எலுமிச்சை வாசம் வந்தது. ஆலையின் நாற்றத்தில் அது எடுபடாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

எடை சரியாக இருந்தது. மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, ஒரு பிடிகூடக் குறையலை. இந்த டிரம்மையே புது மெஷினுக்குத் தள்ளிட்டுப் போங்க, பெரிய மாப்பிள்ளை இதுலயே இழுக்கட்டும்," என்றார்.

எட்டுப் பெட்டியிலும் தூளை நிரப்பினார்கள். பெரிய மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, ஒருமுறை சுழன்று பார்த்து, மெஷினைக் கிளப்பினார். ஐந்தாவது டை தாண்டியதும் கம்பி அறுந்தது. அறுந்த முனைகளைச் சூடுவைத்துச் சேர்க்கிற ஒட்டு அக்கா வந்து ஒட்டினாள். மறுபடி கிளப்பினார், மூன்றாவது டையிலேயே அறுந்தது. மறுபடி ஒட்டினாள். அடுத்தது முதல் டையை விட்டே வெளியே வரவில்லை. பெட்டியில் தூள் கருகிக் கட்டி கட்டியாகிவிட, ஆலை முழுக்க எலுமிச்சை மணந்தது.

"யாரு இன்னிக்குக் குளிச்சுட்டு வந்தது?" என்றாள் ஒட்டு அக்கா.

மேனேஜர் புதியவர். ஆலையில் எது எப்படி நாறும் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், சனிக்கிழமை ஒருவன் இதே மெஷினில் அறுக்காமல் இழுத்தான், இன்றைக்கு இவர் தொட்டதெல்லாம் அறுகிறது. "கை சரியில்லையே உங்களுக்கு," என்றார். "புது மெஷினை விடுங்க. பழைய மெஷின்லகூட உங்களை எப்படி விடுறதுன்னு தெரியலை. கொஞ்ச நாள் வெளியே கழிவுக் கம்பியைப் பாத்துக்கோங்க."

சுருட்டை மனசுக்குள் கைதட்டியிருக்க வேண்டிய நேரம் அது. நாற்காலி அவன் பக்கம் திரும்பியாகிவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பெரிய மாப்பிள்ளை ஏதாவது எகத்தாளமாகப் பதில் சொல்வார், அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் எரிச்சல்பட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தான். அவரோ இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார். தன் கைதான் கெட்டுப்போய்விட்டது என்று அந்த மனுஷன் நம்பியே விட்டார்.

சுருட்டைக்கு அது தாங்கவில்லை. சகலை மேல் திடீரென்று பாசம் பொங்கியது என்றெல்லாம் சொன்னால் பொய். ஒரு ஆளைத் தோற்கடிக்க ஆசைப்படலாம். தன் கையையே சந்தேகப்பட வைப்பது அசிங்கம் என்று பட்டது, அவ்வளவுதான்.

"சார், அது கை இல்லை. சோப்பு," என்றான். பிறகு டிபன் பாக்ஸ், லாட்ஜ் விரிப்பு, எலுமிச்சைப் பவுடர் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். பெண்டாட்டியின் யோசனை என்பதை மட்டும் முழுங்கிக்கொண்டான், ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டுமே.

மேனேஜர் டிரம்மைப் பார்த்தார், அப்புறம் அவனைப் பார்த்தார். "அந்த நாற்காலியை நீங்க மறந்துடுங்க," என்றார். "மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்." ஸ்டோரிலிருந்து புது டிரம் ஒன்றை உருட்டிவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அதன் மூடியில் இருந்த கம்பெனி சீலைத் தன் கையாலேயே வெட்டினார். எட்டுப் பெட்டியையும் துடைத்துப் புதுத் தூள் நிரப்பினார்கள். டைகளையும் மாற்றினார்கள்.

சுருட்டைக்கு நெஞ்சு வலித்தது, குதிகால் அதைவிட வலித்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு நிற்கிறோமே, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டான். ஒட்டு அக்கா மட்டும் பார்த்தாள். அவள் பார்வையில் பாராட்டு மாதிரி எதுவும் தெரியவில்லை.

பெரிய மாப்பிள்ளை திரும்ப நாற்காலியில் ஏறினார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. "பாத்தீங்களா சார், நான் அப்பவே நினைச்சேன்," என்றபடி மெஷினைக் கிளப்பினார். எடுத்த எடுப்பிலேயே முழு வேகம். பழைய மெஷினில் தடிமன் கம்பி இழுத்தே பழகிய கை அது. வெடுக்கென்று இழுத்தாலும் தடிமன் கம்பி பொறுத்துக்கொள்ளும். எட்டாவது டையில் கம்பி நன்றாக மெலிந்திருக்கும், அங்கே இந்த அதட்டல் செல்லாது. சுருட்டைக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. மெதுவாக, மெதுவாக என்று மனசுக்குள் கெஞ்சினான்.

கம்பி அறுந்தது. ஒட்டு அக்கா ஒட்டினாள். அவர் மறுபடி வெடுக்கென்று கிளப்பினார், அதே இடத்தில் மறுபடி அறுந்தது.

இந்தத் தடவை எலுமிச்சை வாசம் எதுவும் வரவில்லை. நல்ல சோப்பு, நல்ல டை, நல்ல கம்பி. மேனேஜர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்காகவா நாற்காலியை விட்டோம் என்று சுருட்டைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எதற்கும் தன் வாயால் ஒருமுறை அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று நாற்காலிக்குப் பக்கத்தில் போனான்.

பெரிய மாப்பிள்ளை இறங்கவில்லை. கைகளை மடியில் வைத்து, நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சுருட்டை வந்து நிற்பது தெரிந்ததும், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"சகலை, இதுலயும் நீதான் எதையோ கலந்தேன்னு சொல்லிடேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவனிடம் கேட்ட முதல் உதவி. சுருட்டை சொல்ல வந்ததை மறந்துபோனான். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"சார், இந்த டிரம்லயும் நான்தான் கலந்தேன்."

மேனேஜர் தன் கையிலிருந்த சீலைப் பார்த்தார். சற்று முன் அவரே வெட்டி எடுத்தது, இன்னும் கீழே போடவில்லை.

"எப்படி?" என்றார்.

"அதைத்தான் சார் யோசிச்சுக்கிட்டிருக்கேன்," என்றான் சுருட்டை.