என்னை ஏன் விட்டார்கள்

போர்டிக்சன் ரெஸ்ட் ஹவுஸின் மாடி அறை வாசலில் மாயாண்டி செருப்பைக் கழற்றினான். முதலாளி நாச்சியப்ப செட்டியார் அவன் தோளைத் தொட்டார்.

"போட்டுக்க. இது கோயிலுமில்ல, கோர்ட்டுமில்ல. கதவச் சாத்திட்டுப் பேசுற இடம். இங்க பேசுறது வெளிய போகாது."

முன்பே அவர் சொல்லியிருந்த அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மாயாண்டி வந்திருந்தான்.

லுக்குட் பக்கத்தில் செட்டியாரின் ரப்பர் தோட்டத்தில் அவன் லாரி டிரைவர். கொரியாவில் சண்டை மூண்டு ரப்பர் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த நேரம். பழைய விலைக்குப் பேசி முடித்திருந்த ரப்பர் ஷீட்டுகளை லண்டன் கம்பெனிக்காகத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போனபோது, காட்டுக்காரர்கள் என்று எல்லோரும் சொல்லும் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் வழிமறித்து லாரியோடு கொளுத்திவிட்டார்கள். கம்பெனி அதை நம்பவில்லை. நல்ல சரக்கை வேறு யாருக்கோ கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டு, வெறும் லாரிக்குச் செட்டியாரே தீ வைத்தார் என்று சொன்னது. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஆளுக்கொரு நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்வது, அந்த இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் சொல்வதே முடிவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இருவரும் ஒத்துப்போகவில்லை. மாயாண்டி கைநாட்டு வைத்துக் கொடுத்த வாக்குமூலம் மட்டும் போதாது, ஆளை நேரில் கேள்வி கேட்கவேண்டும் என்றார் கம்பெனி வக்கீல். அது அவர்கள் உரிமை. ஆள் வராவிட்டால் அந்தத் தாளும் செல்லாது. தோற்றால் தோட்டம் கைமாறிவிடும் என்று செட்டியார் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்று காலையில் சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தபோது மனைவி பஞ்சாலை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன வேணா சொல்லு. பேரு மட்டும் வாயில வந்துராம பாத்துக்க."

அமிர்தலிங்கம் அவளுடைய தம்பி. கிள்ளானில் துறைமுக வேலைக்குப் போயிருக்கிறான் என்றுதான் லயத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். லாரி எரிந்த அன்றைக்கு ரோட்டில் குறுக்கே கிடந்த மரத்துக்குப் பின்னாலிருந்து, மூன்று நட்சத்திரத் தொப்பியோடு எழுந்து வந்தவர்களில் அவனும் இருந்தான். தாடைகள் ஒட்டி, கண்கள் மட்டும் பெரிதாகி, வேறு ஆள்போல இருந்தான். குரல் மாறவில்லை. "மச்சான், எறங்கி ஓரமா போய் உக்காருங்க. யாரயும் பாக்காதீங்க." துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு. பஞ்சாலையைத் தவிர வேறு யாரிடமும் மாயாண்டி அதைச் சொல்லவில்லை.

அறைக்குள் நீள மேசை. இரண்டு நடுவர்களுக்கும் மத்தியில் மூன்றாமவரான நரைத்த வெள்ளைக்காரத் துரை. ஓரத்தில் ஒரு சீனப் பெண் டைப்ரைட்டரில் தாளைச் செருகிக்கொண்டிருந்தாள். மொழிபெயர்க்க வந்திருந்தவர் ராமகிருஷ்ணன். சிரம்பான் கோர்ட்டில் போலீஸ் வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பவர். அவர் காதில் விழுவது போலீசுக்குப் போய்விடுமோ என்று மாயாண்டி பயந்தான்.

முதலில் வந்தவை சுலபமான கேள்விகள். யார் ஏற்றினார்கள், எந்த ரோட்டில் போனாய், தார்ப்பாய் கட்டியிருந்ததா. எரிந்த இடத்தில் கறுப்புப் பிசின் கிடந்ததைப் போலீஸ் பார்த்திருக்கிறதே என்றார் செட்டியாரின் வக்கீல். பழைய டயர்களை எரித்தாலும் அப்படித்தான் கிடக்கும் என்றார் கம்பெனி வக்கீல். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு மாயாண்டியைப் பார்த்தார்.

"அந்த மாசத்துல பிடிச்ச லாரி டிரைவர் எல்லாரையும் கட்டிப்போட்டு அடிச்சிருக்காங்க. ஒருத்தரச் சுட்டே போட்டாங்க. ஒன் ஒடம்புல ஒரு கீறல்கூட இல்லயே. ஒன்னய மட்டும் ஏன் விட்டாங்க?" ராமகிருஷ்ணன் தமிழில் சொல்லி முடித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

டைப்ரைட்டர் நின்றது. எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள். உண்மைதான் ஒருவனைக் கொல்லும். செட்டியாரின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. மாயாண்டி அந்தப் பெண்ணின் தாளைக் காட்டினான்.

"தொரைகிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தத் தாளு எங்க போவும்?"

"மாயாண்டி, கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார் செட்டியார்.

துரை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். ராமகிருஷ்ணன் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார்: இது தனிப்பட்ட விசாரணை. இங்கே இருப்பவர்கள் வெளியே பேசக்கூடாது. ஆனால் தோற்றவர்கள் என் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால், நீதிபதி இந்தத் தாளைக் கேட்கலாம். அவசரகாலச் சட்டத்தில் போலீஸ் கேட்டால், கொடுக்கமாட்டேன் என்று என்னால் சொல்லமுடியாது. உனக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை.

செட்டியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாயாண்டி துரையைப் பார்த்துப் பேசினான். "லாரியில ஷீட்டு இருந்துச்சு தொரை. நாந்தான் நின்னு ஏத்துனேன். எரிஞ்சத கண்ணால பாத்தேன். கொளுத்துனவனுங்க மொதலாளி ஆளுங்க இல்ல. என்னய ஏன் விட்டானுங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கிங்க."

ராமகிருஷ்ணன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பேனாவை மூடினார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மாயாண்டி சொன்னதைவிட அது சின்னதாக இருந்தது. எந்தச் சொல் போனது, எது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. கம்பெனி வக்கீல் எழுந்து கோபமாகப் பேசினார். பதில் சொல்லச் சொல்லி ஆளைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரமில்லை, வேண்டுமானால் கோர்ட்டில் உத்தரவு வாங்கி வாருங்கள் என்று துரை சொன்னதாக ராமகிருஷ்ணன் சொன்னார். டைப்ரைட்டர் மறுபடி ஓடத் தொடங்கியது.

திரும்பும்போது கார் லுக்குட்டுக்குள் நுழைந்தது. கடைத்தெருவைத் தாண்டியதும் செட்டியார் கேட்டார்.

"யாருடா அவன்?"

மாயாண்டி வெளியே பார்த்தான்.

"வேணாம்" என்றார் அவரே. "எங்கிட்டயும் சொல்லாத."

கம்பெனி அந்த உத்தரவு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகவில்லை. அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. செட்டியார் பக்கம் என்று ஒரே தாள். யாரை நம்பினார்கள், எதை நம்பினார்கள் என்று ஒரு வரி இல்லை. இந்த மாதிரித் தீர்ப்பில் காரணம் எழுதுவது வழக்கமில்லை என்று வக்கீல் சொன்னாராம். செட்டியார் லயத்துக்கு மிட்டாய் அனுப்பினார். மாயாண்டி தனக்கு வந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான்.

"நீ சொன்னத அந்தக் கோர்ட்டுக்காரரு இங்கிலீசுல என்னன்னுதான்யா சொன்னாரு?" என்றாள் பஞ்சாலை.

"தெரியலியே புள்ள. நானும் அதத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் மாலை, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனவர்கள் குளித்துவிட்டு வந்த நேரத்தில், போலீஸ் ஜீப் ஒன்று தோட்டத்துக்குள் நுழைந்தது. லயத்துச் சனம் வாசலுக்கு வந்தது. ஜீப் மாயாண்டி வீட்டைத் தாண்டி ஆபீஸ் பக்கம் போனது. புழுதி அடங்கியது. பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. அது மறுபடி கிளம்பும் ஓசைக்காக மாயாண்டியும் பஞ்சாலையும் காத்து நின்றார்கள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்து, விறகு சீறிப் புகைந்தது. பஞ்சாலை கையில் மூடியோடு வாசலைப் பார்த்தபடியே நின்றாள். மாயாண்டியும் பானையை இறக்கப் போகவில்லை.