வாரேன் டீச்சர்

சுகிர்தம் டீச்சரின் மாலை வகுப்புக்கு எதிரிகள் அதிகம். சுருளிப்பட்டி டூரிங் கொட்டகையில் சாயங்காலம் முதல் பாட்டைப் போட்டானோ இல்லையோ, பாதிப் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். மீதிப் பாதியைத் திராட்சைத் தோட்டம் இழுத்துக்கொண்டது. டீச்சர் சும்மா இருந்தாளா? சுண்டல் அவித்துக் கொடுத்துப் பார்த்தாள், கணக்கைக் கதையாகச் சொல்லிப் பார்த்தாள். சுண்டல் தீர்ந்ததும் பிள்ளைகளும் தீர்ந்தார்கள்.

கடைசியில் மிஞ்சியவள் பஞ்சம்மாள் ஒருத்திதான். போன வருஷம் எட்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். இந்த முறை தேறினால் கம்பத்தில் ஒன்பதாம் வகுப்பு. இல்லையென்றால் மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் என்று அவள் அம்மா மொக்கம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஹெட்மாஸ்டர் பலவேசமும் ஒரு கெடு வைத்தார். ஒற்றைப் பிள்ளைக்கு ஒரு அறையா, வாலிபால் பையன்கள் வலையும் பந்தும் வைக்க இடம் கேட்கிறார்கள் என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பாராம். ஒரு பிள்ளையாவது இருந்தால் வகுப்பு நடக்கட்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். டீச்சர் பயப்படவில்லை. மழை பெய்தாலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வருகிறவள் பஞ்சம்மாள்.

திங்கட்கிழமை பகலில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பூமாரி வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், பஞ்சம்மா வாரேன்னு சொல்லச் சொன்னா."

தாராளமாக வரட்டும் என்றாள் டீச்சர். பூமாரி ஒரு முழி முழித்துவிட்டுப் போனாள்.

டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அன்றைக்குச் சுண்டலில் தேங்காய்கூடப் போட்டாள். பஞ்சம்மாளுக்கு வராத பின்னக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவைத்தாள். ஹெட்மாஸ்டர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கொட்டகையில் பாட்டு முடிந்து படமே ஆரம்பித்துவிட்டது. அவரும் பாவம், எழுந்திருக்காமல் காத்திருந்தார்.

வந்தது மொக்கம்மாள். டீச்சர் இரவல் கொடுத்திருந்த கணக்குப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். மகள் எங்கே, வருகிறேன் என்று சொல்லியனுப்பினாளே என்று டீச்சர் கேட்டாள்.

"காலையில ஜீப்புல மேல ஏறிட்டா டீச்சர். திராட்சையில நோய் விழுந்து இங்கன வேலையத்துப் போச்சு. ஏலத்தோட்டத்துக் கங்காணி வந்து கூப்பிட்டாக, பரீட்சை வரைக்கும் எங்கன பொறுக்க? ஒங்ககிட்ட நேர்ல சொல்லாமப் போறமேன்னு அழுதா. கெளம்புற புள்ள போறேன்னா சொல்லும்? வாரேன்னுதான சொல்லும்."

டீச்சரும் இந்த ஊர்க்காரிதானே, இது தெரியாதா? தெரியும். ஆனால் ஆசைப்பட்ட காதுக்கு வேறு மாதிரி கேட்டுவிட்டது. பகலிலேயே புரிந்திருந்தாலும் ஜீப்பை நிறுத்தியிருக்க முடியாது. அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

கரும்பலகையைத் துடைத்தாள். சுண்டலை மொக்கம்மாள் கையில் கொடுத்தாள், வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் தின்னட்டும். சாவியை ஹெட்மாஸ்டரிடம் நீட்டினாள்.

"வாரேன் சார்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

அவர் தலையாட்டிவிட்டுப் பூட்டைத் தேடினார். மொக்கம்மாள் மட்டும் நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.