சக்களத்திக்குக் காய்ச்சல்

நர்ஸுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது. அதில் கடைசி ஒன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை முழுசாக விழுங்கி ஏப்பம் விட்டது அந்த மோட்டார் சைக்கிள்தான். எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கிற அரதப்பழசான வண்டி. காருக்கு இருப்பதுபோல முன்னால் ஒரு ரேடியேட்டர் வேறு. பிஸ்டன் போனால் மாற்றுக்கு எங்கே தேடியும் கிடைக்காது. சொந்தக் கல்யாண நாளை மறக்கிற மனுஷன், அதற்கு ஆயில் மாற்றிய தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நர்ஸ் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. கணவர் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

இன்று மலைமேல் பழைய வண்டிகள் கூடுகின்றன. அவளுக்கு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்துப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏற்றம் தொடங்கியதும் சூடு காட்டும் முள் மேலே போனது. அவர் தோளுக்கு மேலாக அவளுக்கும் அது தெரிந்தது. பாதி, முக்கால். ஆறாவது வளைவுக்கு முன்னால் முள் சட்டென்று அடிமட்டத்துக்கு விழுந்தது.

"பாத்தியா! தானா குளிர்ந்துடுச்சு! யாரு கட்டின எஞ்சின்?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

நர்ஸ் அதை நம்பவில்லை. பதினெட்டு வருஷமாக வார்டில் காய்ச்சல் பார்க்கிறவள். கொதிக்கிற உடம்பு ஒரே நிமிஷத்தில் ஜில்லென்று ஆனால் எந்த நர்ஸும் சந்தோஷப்பட மாட்டாள், டாக்டரைக் கூப்பிட ஓடுவாள். வெயில் அப்படியே, ஏற்றம் அப்படியே, இரண்டு பேர் பாரம் அப்படியே. முள் மட்டும் ஏன் இறங்க வேண்டும்? வலது காலில் ஈரம் பிசுபிசுத்தது. குனிந்தால் தித்திப்பாக ஒரு வாடை. கூலன்ட் கலந்த ரேடியேட்டர் தண்ணீர்.

வாயைத் திறக்கப் போனவள் திறக்கவில்லை. இன்னும் இரண்டு கிலோமீட்டர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பிஸ்டன் போகும், சக்களத்தி தொலைந்தாள். ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப வீட்டுக்கு வரும். ஆறாவது வளைவு வந்தது, போனது. சே, என்ன புத்தி இது என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஓங்கி அவர் முதுகில் ஒரு போடு போட்டாள்.

"நிறுத்துங்க! எஞ்சினை ஆஃப் பண்ணுங்க!"

"முள்ளு கீழதானே இருக்கு..."

"முள்ளு பொய் சொல்லுது. உள்ள தண்ணியே இல்ல."

ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். தண்ணீர் வடிந்துவிட்டால் அது வெறும் காற்றைத்தான் அளக்கும். அவருக்கு மனப்பாடமான விஷயம்தான், பெருமையில் மறந்துபோனது. பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போன கையை அவள் தட்டிவிட்டாள்.

"தீக்காய வார்டுல உங்களுக்கு பெட் தேட என்னால முடியாது. ஆறட்டும்."

முக்கால் மணி நேரம் ஆறியது. ரேடியேட்டர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளிப் லூஸாகியிருந்தது. "போன ஞாயிறு இதை முறுக்கும்போதுதான் நீ சாப்பிடக் கூப்பிட்டே," என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு முறுக்கினார். குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போனது. உதைத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முள் மெல்ல ஏறிப் பாதியில் நின்றது. மேலே கூட்டம் கலைந்திருக்கும். இரண்டு பேருக்குமே அது ஞாபகமில்லை.

"பொழச்சுட்டா உன் சக்களத்தி." அவர் டேங்கைத் தட்டிக்கொடுத்தார். "நீ பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம்."

"இருந்தேன்." நர்ஸுக்கு மறைத்துப் பழக்கமில்லை. "ஒரு வளைவு முழுக்க, வேணும்னேதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. அவளுடைய ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

"ஒன்பது வருஷத்துக்கு ஒரு வளைவு ரொம்பக் கம்மி," என்றார்.